பொன்ராமு சொல்லட்டும்

பத்து நாப்பதுக்கு எடுக்கற பஸ்சு. இப்ப பத்து பதினாறு. ஆக, நல்லவனாகறதுக்கு எனக்கு இருபத்துநாலு நிமிசம் இருக்கு. கெட்டவனாக அஞ்சு நிமிசம் போதும், அது நானே செஞ்சு பாத்தது. கோயம்புத்தூர்னு போர்டு மாட்டிக்கிட்டு ஆளே இல்லாம நிக்குது வண்டி, டிரைவர் கீழ நின்னு டயர ஒரு ஒத ஒதைக்கிறாரு, டயரு ஒண்ணும் சொல்லல, நானும் அப்படி வாயத் தெறக்காத சென்மமா பொறந்திருக்கலாம். அம்மாதான் காலையில தட்டுல இட்லிய வச்சுட்டுப் பேச்ச எடுத்தா. மாரீசு போயி இன்னைக்கோட பதினஞ்சு நாளு, நாளைக்குப் பதினாறு, கருமாதி முடிஞ்சிட்டா அப்புறம் கேதம் கேக்கப் போகக்கூடாது, பெறகு அந்த வீட்டு ஆளுங்க மூஞ்சில நீ எப்படிடா முழிப்பன்னா. எனக்குக் காய்ச்சல்மான்னேன். பதினஞ்சு நாளா ஒரே காய்ச்சலாடான்னா. நல்ல கேள்வி. அவனக் கோயம்புத்தூர்லயே எடுத்தாங்க, கேதமும் அங்க அவங்கக்கா வீட்டுலதான், எடுக்கற அன்னைக்கு அவன் வீட்டு சனம் மொத்தமும் வேன் புடிச்சுப் போச்சு, எனக்கு முன்சீட்டுல எடம் வேற போட்டு வச்சிருந்தாங்க, அன்னைக்குச் சொன்ன காய்ச்சல் இது, சொன்னதுக்கப்புறம் விடவே மாட்டேங்குது. கேத வீட்டுல என்ன பெரிய வேல, போகணும், ஆம்பளைங்க கையில கைய வைக்கணும், ஒரு ஓரமா ஒக்காரணும், ஒரு தண்ணியக் குடிச்சுட்டு, போயிட்டு வரேன்னு சொல்லாம எந்திரிச்சு வந்துரணும். சொல்லாம எந்திரிச்சு வர்றது எனக்குக் காலேஜ்லயே பழக்கம், ரெண்டாவது வருசம் பாதியில எந்திரிச்சு வந்தேன், இன்னைக்கு வரைக்கும் யாரும் எங்க போனேன்னு கேக்கல. ஆனா இந்த வீட்டுல கேப்பாங்க. சந்தனக்கா கேப்பா. அவ கேக்கப் போறது ஒரே ஒரு கேள்வி, அதுக்குப் பதில் ஒரே ஒரு வரி, அந்த ஒரு வரிதான் இந்த இருபத்துநாலு நிமிசம். இருபத்துமூணு.

சந்தனக்கான்னா சந்தனமாரி, மாரீசோட அக்கா, கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. மாரீசுன்னா மாரீசுதான், எனக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியல, ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு, ஒரே பிட்டு, ஒரே மார்க்கு. அவன் செத்ததுக்கு டிவில என்ன பேரு போட்டான்னா பதினாலுல ஒண்ணு. கோயம்புத்தூர்ல ஒரு காம்ப்ளக்ஸ் தீப்புடிச்சு பதினாலு பேரு, மாடிப்படி பூரா அட்டப்பெட்டிய அடுக்கி வச்சிருந்தாங்களாம், எறங்க வழியில்ல, மூணாவது மாடியில மொபைல் கவர் விக்கிற கடையில மாரீசு. உடைய மாட்டாத கவருன்னு பெருமையாச் சொல்லுவான், கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாதுடாம்பான். டீக்கடைக்காரரு வடச்சட்டியில எண்ணெயப் புகைய விடறாரு, எனக்கு மூக்குல ஏறி நெஞ்சுல நிக்குது, முன்னாடி இந்த வாசத்துக்கு எச்சி ஊறும், இப்ப பெஞ்சோட அந்தக் கடைசிக்கு நகந்து ஒக்காந்துட்டேன். அந்த ஊரு பூரா இந்த வாசந்தான் அடிக்கும்னு ஒரு நெனப்பு, எறங்குனதும் மூஞ்சில அடிக்கும்னு. அப்படியெல்லாம் இருக்காது, ஊருன்னா அது பாட்டுக்கு இருக்கும், ஆளுங்க ஹோட்டல்ல சாம்பார் இன்னொரு கரண்டி கேப்பாங்க. எம்பக்கத்துல ஒக்காந்திருக்கற வெள்ளச்சட்டக்காரரு போன்ல சத்தமாப் பேசறாரு, கல்யாணத்துக்குச் சேல எடுக்க கோயம்புத்தூர் வேணாம் மாப்பிள்ள, இப்பத்தான் அங்க அப்படி ஆகியிருக்கு, நல்ல காரியத்துக்கு அங்க போயி நிக்கணுமா, மதுரையிலயே பாப்போம்ங்கறாரு. அவருக்கு ஒரு நொடியில முடிவாகிப் போச்சு. பட்டுச்சேல எடுக்கறவனுக்கு இருக்கற தெளிவு எனக்கு இல்ல. அண்ணே, நானும் அந்த ஊருக்குப் போகலாமா வேணாமான்னுதான் யோசிக்கிறேன், எனக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. என் வாய நான் நம்பறதில்ல. அதான் பெரிய பயம், உள்ளதச் சொன்னா. அந்த வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டும்போதே எனக்கு ஒரு ஜோக்கு வரும், எனக்குத் தெரியும், மாரீசு போட்டோவுல மாலயப் பாத்ததும் ஒண்ணு வரும், எச்சி மாதிரி, முழுங்க முழுங்க ஊறும்.

எல்லாம் ஒரு காக்காயில ஆரம்பிச்சது. போன ஆடி மாசம், மாரீசு வீட்டுப் பின்னாடி துணி காயப் போட்டுட்டு நின்னவன் தலையில காக்கா வந்து தட்டிட்டுப் போச்சு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அவங்கம்மா பேச்சியத்தைக்கு ஒலகமே இடிஞ்சு போச்சு, தலையில காக்கா தட்டுனா ஆயுசுக்கு ஆகாதாம். அதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க பெரியவங்க. அவன் செத்துட்டான்னு தூரத்துல இருக்கற சொந்தத்துக்குப் பொய்யாச் சொல்லி விடணும், அவங்க நெசம்னு நம்பிக் கண்ணுல தண்ணி விட்டு அழுகணும், அழுதுட்டா வரவேண்டிய சாவு வந்து போன மாதிரிக் கணக்காம், அப்புறம் இல்ல, நல்லாருக்கான், காக்கா தட்டிருச்சு அதான்னு சொல்லிறணும். சொல்லி அழ வைக்க யாரு. பேச்சியத்த யோசிக்கவே இல்ல. பொன்ராமு சொல்லட்டும், அவன்தான் வாயத் தெறந்தா புளுகு, இந்த ஒரு தடவ அது எம்புள்ளைக்கு ஆகட்டும்னா. எனக்கு என்ன, கோயில் கொடையில மைக் செட்டுக்காரன் கூடப் போயி மிமிக்ரி பண்றவன், இருவது கொரல் கையில இருக்கு, கடைசில என் கொரலும் ஒரு வேசத்துக்கு ஆச்சேன்னு சந்தோசம். மாரீசு எம்பக்கத்துல ஒக்காந்து மிச்சர் தின்னுக்கிட்டு இருந்தான், தன் சாவுக்குத் தானே மிச்சர் தின்னவன் அவன் ஒருத்தன்தான். கோயம்புத்தூருக்கு, சந்தனக்காவுக்குப் போனப் போட்டேன். அக்கான்னேன். அப்புறம் பேசல, மூச்ச மட்டும் விட்டேன், அங்கதான் இருக்கு வேல, சாவுச் சேதிய எடுத்ததும் சொல்லக்கூடாது. என்னடா என்னடாங்கறா. மாரீசு பைக்குக்கா, லாரிக்காரன்க்கான்னேன். பின்னாடி மாரீசு ஆம்புலன்ஸ் சத்தம் போட்டான், பாவி, நல்லாவே போட்டான். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்துச்சு, அழுகைன்னு சொல்ல முடியாது, ஆட்டுக் கழுத்துல இருந்து வருமே அப்படி ஒண்ணு. அதோட நிறுத்திருக்கணும். கண்ணுல தண்ணி வந்துருச்சு, காக்காவுக்கு அது போதும். ஆனா நல்லாப் போயிட்டு இருந்துச்சுல்ல, கூட்டம் கைதட்டும்போது எவன் எறங்குவான், அஞ்சு நிமிசம் இழுத்தேன். ஆசுபத்திரி, துணி சுத்துன பொட்டலம், அவன் சட்டப்பையில இருந்த அவ போட்டோன்னு நானா இல்லாததெல்லாம் அடுக்குனேன். பேச்சியத்தையே நெசமா அழ ஆரம்பிச்சுட்டா. அப்புறம் மாரீசு போனப் புடுங்கி, யக்கா நான்தான், பொழச்சுக்கிட்டேன்னான். அக்கா அர மணி நேரம் திட்டுனா, திட்டிக்கிட்டே சிரிச்சா, நல்லா அழுதுட்டேன்டா, என் தம்பிக்கு இனி நூறு வயசுன்னா. அதுக்கப்புறம் என்ன கூப்பிடறதே எமனுக்குப் பி.ஏ.ன்னுதான். ஆவணில அவளே அந்தக் கடையில வேல சொல்லி அவன அங்க கூட்டிக்கிட்டா. எங்கண்ணு முன்னாடி இருக்கட்டும்னா.

பத்து இருவத்தேழு. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரு. கண்டக்டர் மதுர, திண்டுக்கல், கோயம்புத்தூர்னு வாய் வலிக்காமக் கத்தறாரு, ரெண்டு பொம்பளைங்க ஒரு சாக்கு மூட்டையோட ஏறியிருக்காங்க. தீப்புடிச்ச அன்னைக்கும் நான் இதே மாதிரி சும்மாதான் இருந்தேன், ரெண்டே காலுக்கு, சாப்பிட்டு முடிச்சதும் அவனுக்குப் போடற போனு. எடுத்தது அவன் இல்ல, யாரோ ஒருத்தரு, கொங்குக் கொரலு. இந்தப் பையனுக்கு நீங்க அப்பாங்களான்னாரு. மாரீசு போன்ல என் பேர அப்பான்னு நான்தான் போட்டு வச்சது, அவங்கப்பா அவனுக்கு ஆறு வயசுல திருப்பூர் போறேன்னு போனவரு திரும்பல, இனிமே ஒனக்கு நான்தாண்டா தகப்பன்னு சொல்லி ஒரு நாளு மாத்துனேன், அவனும் அப்படியே விட்டுட்டான். நான் என்ன நெனச்சேன்னா, பய காக்காக் கணக்க இப்பத்தான் தீக்கறான், ஆள வச்சுப் பேச வைக்கிறான்னு. ஆமாங்க, அப்பாதான், பையன் என்ன, ஃபெயிலான்னேன். அவரு, சார், தம்பி தீயில மாட்டிக்கிட்டாருங்க, பெரியாஸ்பத்திரில இருக்காருங்கன்னாரு. வெந்துட்டானா வேகலையான்னு பாத்துச் சொல்லுங்க, குழம்பு வைக்கணும்னேன். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அம்மாகிட்டகூட. சொன்னேன் நான். அப்படியே சொன்னேன். அந்த மனுசன் திட்டல, போன அவன் வாய்க்கிட்ட வச்சாரு. அவனோட கொரலு இல்ல அது, ஆனா அவன்தான், அக்கா, அக்காங்கறான், அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. அக்கா அக்கான்னு கேக்கறாப்லங்க, நம்பர் இருந்தா வரச் சொல்லிருங்கன்னு அவரு வச்சுட்டாரு. ஒடனே சந்தனக்காவுக்குப் போட்டேன். அவ மோட்டார் கம்பெனில வைண்டிங் செக்சன், அங்க இருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவுல கால் மணி நேரம். எடுத்தா. மாரீசு தீயில மாட்டிக்கிட்டான், பெரியாஸ்பத்திரில இருக்கான்னு சொன்னேன். அவ சிரிச்சா. எமனுக்குப் பி.ஏ., இந்தத் தடவ காக்கா யாரு தலையில தட்டுச்சுன்னா. பக்கத்துல யாருகிட்டயோ, எந்தம்பி கூட்டாளி, சாவு வெளையாட்டு வெளையாடுவான்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. வச்சுட்டா. சாப்பாட்டு நேரம் முடிஞ்சா அங்க போன ஒரு டப்பாவுல வாங்கி வச்சிருவாங்களாம், அந்த டப்பாவுக்குள்ள என் போனு நாலு தடவ அடிச்சுச்சு. அவ புருசன் தொர மச்சான் நம்பர் எங்கிட்ட இல்ல, பேச்சியத்தகிட்ட ஓடுனேன். எதுக்குடான்னா. அவ மூஞ்சியப் பாத்ததும் நெசம் வரல, சும்மாத்தான்னேன். என் மருமகனையும் அழ வைக்கப் போறியா, போடா அங்கிட்டுன்னு வெளக்கமாத்த எடுத்தா. உள்ளதச் சொன்னா ஒருத்தி சிரிக்கிறா, சும்மான்னா ஒருத்தி வெரட்டறா, இருவது கொரல் வச்சிருக்கேன்னேன்ல, நம்பற மாதிரி ஒரு கொரல் இல்ல அதுல. அங்க இங்க கேட்டு மச்சான் நம்பரு கெடைக்கும்போது நாலடிக்கப் பத்து நிமிசம். அவரு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிச் சேரும்போது நாலரை. மாரீசு போனது நாலு பத்து. நாலு பத்து. எனக்குக் கடிகாரத்துல அந்த நேரம் வந்தா வேற பக்கம் திரும்பிக்கிறேன், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வருது, காலையில வர்றதுக்கும் முழிச்சுத்தான் இருக்கேன். அக்கா சிப்டு முடிஞ்சு டப்பாவுல இருந்து போன எடுத்தப்ப அஞ்சே முக்கா.

முந்தாநாளு தொர மச்சான் பேசுனாரு. மாப்ள, ஒரு ஒதவி செய்யணும் நீன்னாரு. அவரு கெஞ்சி நான் கேட்டதில்ல, லேத்துல நிக்கிற மனுசன், பேச்சும் இரும்பு மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரிப் பேப்பருல கையெழுத்துப் போட்டதெல்லாம் நான்தான், நாலு பத்துங்கறத அவகிட்டச் சொல்லல, மாரீசு அங்கனயே போயிட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறப்பவே உசுரு இல்லன்னுதான் சொல்லி வச்சிருக்கேன், அவ நம்ப மாட்டேங்கறான்னாரு. சோறு எறங்கல, சும்மா ஒக்காந்து கெடக்கா, கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்றா, பொன்ராமு வரட்டும், அவன் சொல்லட்டும்ங்கறா. நான் எதுக்கு மச்சான், என்ன யாரு நம்புவான்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா மாப்ள, அவன் ஆயுசுல ஒரு நாளுதான் உண்மையச் சொன்னான், அன்னைக்கு நான் நம்பல, இனிமே அவன் சொன்னா மட்டுந்தான் நம்புவேன்ங்கறான்னாரு. நீ வா, வந்து, அங்கனயே போயிட்டான்க்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரு, அவ பொழச்சுக்குவான்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒரு பொய்யச் சொல்லி அவ அழணும்னு ஒரு வீடு கேட்டுச்சு, இன்னொரு பொய்யச் சொல்லி அவ அழுகைய நிறுத்தணும்னு அதே வீடு கேக்குது. ஊருக்குள்ள பிளம்பருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் நம்பர் வச்சிருக்கற மாதிரி பொய்க்கு என் நம்பர் வச்சிருக்காங்க. போயிச் சொல்லிட்டா என்ன. நல்ல பொய்தானே. இருக்கறவ சோறு திங்கணும்ல. செத்தவன் வந்து, டேய் நான் ரெண்டு மணி நேரம் அக்கா அக்கான்னு கெடந்தேன்டா, அத ஏன்டா அழிச்சன்னு கேக்கவா போறான். கேக்கமாட்டான். ஆனா அது ஒரு எடத்துல இடிக்குது. நாலு பத்து மச்சானுக்கும் தெரியும், அந்த அக்கா அக்கா எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. நான் பொய் சொல்லிட்டா அது யாருக்குமே இல்லாமப் போயிரும், அவன் கடைசியாக் கேட்டது ஒலகத்துலயே இல்லாத பேச்சாப் போயிரும். உள்ளதச் சொன்னா அக்கா தாங்கமாட்டா, சொல்லலைன்னா அவன் கூப்பிட்டது அவளுக்குப் போய்ச் சேரவே சேராது. போகாம இருந்துட்டா ரெண்டும் இல்ல. போகாம இருக்கறதுதான் பெஸ்ட். காய்ச்சல். பதினாறு முடிஞ்சா அப்புறம் சட்டப்படியே போகக்கூடாது, பெரியவங்க எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க, பேடிப்பயலுகளுக்குன்னே ஒரு கடைசித் தேதி.

டிரைவர் ஏறி ஒக்காந்து இஞ்சினப் போட்டாரு. வண்டி மொத்தமும் உதறுது, சன்னல் கண்ணாடியெல்லாம் பல்லக் கடிக்குது. நான் எந்திரிச்சுட்டேன், ஆனா எங்கிட்டுப் போக எந்திரிச்சேன்னு தெரியல, வீட்டுக்குப் போற டவுன் பஸ்ஸும் அதே தெசையிலதான் நிக்குது. போன் அடிக்குது. சந்தனக்கா. பதினஞ்சு நாளுல அவ கூப்பிடறது இதான் மொதத் தடவ. எடுத்தேன். எங்கடா இருக்கங்கறா. பஸ் ஸ்டாண்டுலக்கா. ஏறிட்டியா. நின்னுக்கிட்டு இருக்கேன். அவளுக்குப் பின்னாடி யாரோ பாத்திரம் தேய்க்கறாங்க. ஒங்க மச்சான் ஒங்கிட்டப் பேசுனாருல்லங்கறா. பேசலையேன்னேன். பொன்ராமுன்னு அதட்டுனா. பேசுனாருக்கான்னேன். நீயும் அதத்தான் சொல்லப் போறியாங்கறா. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, இங்கனயே முடிச்சிரலாம், ஏழு மணி நேரம் எதுக்குப் போகணும், மூஞ்சியப் பாக்காமச் சொல்றதுதான் நம்ம தொழிலே. கொரலத் தாழ்த்துனேன், மூச்ச ஒரு நொடி நிறுத்துனேன். அவன் அங்கனயே போயிட்டான்க்கா, கஷ்டமேபடல, பொகையிலயே மயங்கிட்டானாம்னேன். சுத்தமா இருந்துச்சு, ஒரு நடுக்கம் இல்ல. அவ நிதானமாச் சொன்னா, போன தடவ இத விட நல்லாச் சொன்னடா.

எனக்கு ஒரு ஜோக்கும் வரல, தேடிப் பாத்தேன், இல்ல. அவதான் பேசுறா. காக்கா தட்டுன அன்னைக்கு நீ என்ன சொன்ன தெரியுமா, எல்லாத்தையும் சொல்லிட்டு, பதறாம வாக்கான்ன. அதுலதான்டா நான் ஒடஞ்சது. செத்துட்டாத்தான் பதறாம வான்னு சொல்லுவாங்க. இந்தத் தடவ நீ அதச் சொல்லல. அக்கா ஓடு, ஓடுக்கான்ன. செத்தவனப் பாக்க யாராச்சும் ஓடச் சொல்லுவாங்களா. நான் சிரிச்சுட்டேன்டா, அந்த வார்த்த காதுல விழுந்துச்சு, விழுந்தும் சிரிச்சுட்டேன். பதினஞ்சு நாளா இங்க எல்லாரும் அங்கனயே போயிட்டான், அங்கனயே போயிட்டாங்கறாங்க, நீ ஓடுன்னது எனக்கு மட்டுந்தான் தெரியுது. அக்கான்னேன். போன்ல சொல்லாத, போன்ல நீ சொல்றது எதையும் நான் இனிமே கேக்கல, வா, வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, ஒங்க மச்சான் இருக்கப்ப வேணாம், அம்மாவுக்கும் வேணாம், எனக்கு மட்டுங்கறா. எல்லாத்தையுமாக்கான்னேன். எல்லாத்தையும்னா. வச்சுட்டா.

தம்பி ஏறுறியா, நிக்கிறியாங்கறாரு கண்டக்டர். ஏறிட்டேன். காலு ஏறுச்சு, நான் கூடவே போனேன், அவ்வளவுதான். எங்கன்னாரு, கோயம்புத்தூர்னேன், ஒண்ணான்னாரு, ஒண்ணுன்னேன். சன்னலோரம் ஒக்காந்தாச்சு. முன் சீட்டுச் சாக்கு மூட்டையில பச்ச மாங்கா வாசம். வெளிய மில்லு, ஷெட்டு, தென்னந்தோப்பு, மல ஒரு பக்கமா கூடவே வருது. வாய்க்குள்ள மெதுவாச் சொல்லிப் பாத்தேன். நாலு பத்து வரைக்கும் இருந்தான்க்கா, ஒன்னத்தான் கேட்டான். மூட்டக்காரம்மா திரும்பிப் பாக்குது, நான் போனக் காதுல வச்சுக்கிட்டேன். கொரலக் கொஞ்சம் எறக்கி ஒரு தடவ. ஏத்தி ஒரு தடவ. ஒண்ணுமே ஏத்தாம எறக்காம ஒரு தடவ. ஒன்னத்தான் கேட்டான்க்கா. வழியில வர்ற கிருஷ்ணன்கோயில் ஊரத் தாண்டறதுக்குள்ள எட்டுத் தடவ சொல்லிப் பாத்துட்டேன், எட்டுத் தடவையும் எனக்கே புளுகற மாதிரித்தான் இருக்கு.